மீன் தொட்டித் தண்ணீர் பழுப்பானால் என்ன செய்வது? மரக்கட்டையும் டேனினும்: தொடக்கநிலை விளக்கம்

தொட்டிக்குள் புதிதாக ஒரு மரக்கட்டையை வைத்த இரண்டு மூன்று நாளில் தண்ணீர் வெளிர்மஞ்சளாகும். ஒரு வாரம் போனால் பழுப்பேறிவிடும். உடனே ஆளுக்கொரு யோசனை வரும். ஃபில்டர் சரியில்லை என்பார் ஒருவர். தண்ணீர் அழுகிவிட்டது, மொத்தத்தையும் கொட்டு என்பார் இன்னொருவர். மூன்றாமவர் தண்ணீரைத் தெளிய வைக்கும் மருந்தை வாங்கி ஊற்றச் சொல்வார். நான்காமவர் அது மீனுக்கு மருந்து மாதிரி, கை வைக்காதே என்பார்.

இவற்றில் எதுவும் முழுக்கச் சரியில்லை. இரண்டாவது யோசனை மிகவும் ஆபத்தானது. பழுப்பைப் பார்த்துப் பயந்து முழுத் தண்ணீரையும் ஒரே நாளில் மாற்றி, ஃபில்டர் பஞ்சையும் குழாயடியில் பிழிந்து கழுவினால், அந்த வாரமே மீன்கள் சாகத் தொடங்கும். பழி கட்டையின் மேல் விழும். ஆனால் மீனைக் கொன்றது பழுப்பு நிறம் இல்லை. திடீரென்று மாறிய தண்ணீரும், குளோரினில் செத்துப்போன, ஃபில்டர் பஞ்சில் வாழ்ந்து தண்ணீரைச் சுத்தம் செய்யும் நல்ல பாக்டீரியாக்களும்தான் காரணம்.

நிறம் வேறு, அழுக்கு வேறு. இந்த ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் எளிது. தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மரிட்ஸ்பர்க், ஜோகன்னஸ்பர்க் பக்கம் தொட்டி வைத்திருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். ஊருக்கு ஊர் தண்ணீர் மாறுவதால், அந்தந்த இடத்தில் அதையும் சொல்கிறோம்.

டேனின் என்பது என்ன

தேயிலையை வெந்நீரில் போட்டால் சாறு இறங்குகிறது. தண்ணீர் நிறம் மாறுகிறது, ஆனால் கண்ணாடிக் கிளாஸில் ஊற்றிப் பார்த்தால் அந்தப் பக்கம் தெளிவாகத் தெரிகிறது. வடிகட்டியில் எத்தனை முறை ஊற்றினாலும் இலைதான் தங்கும், நிறம் தங்காது. காரணம், நிறம் தரும் பொருள் தூளாக மிதக்கவில்லை, தண்ணீரோடு கரைந்தே போய்விட்டது. கட்டை வைத்த தொட்டியில் நடப்பதும் இதுவேதான். வெந்நீருக்குப் பதில் 25 டிகிரித் தண்ணீர் என்பதால் சாறு இறங்க நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஆகிறது.

இறங்கும் பொருளுக்குப் பெயர் டேனின். மரப்பட்டை, இலை, காய், கட்டை ஆகியவற்றில் செடிகள் தாமே உண்டாக்கிச் சேர்த்துவைக்கும் துவர்ப்புப் பொருள் அது. பூச்சியும் பூஞ்சையும் கால்நடையும் தன்னைத் தின்னாமல் தடுக்க மரம் வைத்துக்கொள்ளும் காவல் என்று சொல்லலாம். மட்கிய இலைதழையிலிருந்து வரும் ஹியூமிக் பொருள்களும் இதே நிறத்தைத்தான் தரும். வீட்டுத் தொட்டி அளவில் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. இங்கே டேனின் என்று சொல்லும்போது இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம்.

தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்கள் இதை இயற்கையில் நேராகவே பார்க்கலாம். டேபிள் மவுன்டன் மேலுள்ள ஓடைகளும், ட்சிட்சிகாமாவில் கடலில் போய்ச் சேரும் ஸ்டார்ம்ஸ் ஆறும் அடர்ந்த பழுப்பு நிறத்தில் ஓடுகின்றன. மேற்குக் கேப்பின் ஃபெய்ன்போஸ் புதர்கள் சத்துக் குறைந்த மணலில் வளர்பவை. இலையை இழந்தால் மறுபடி உண்டாக்குவது கடினம் என்பதால் இலை முழுக்கத் துவர்ப்பை ஏற்றி வைத்திருக்கின்றன. மழை அதைக் கழுவி ஆற்றில் சேர்க்கிறது. குவாசுலு-நட்டாலின் வடகோடியில் கோசி விரிகுடா ஏரிகளில் ஒன்றான அமன்சிம்ன்யாமாவும் சதுப்புக் காட்டு நீரால் கறுத்துத் தெரியும் ஏரிதான். இந்த நீர்நிலைகளில் மீன்கள் காலங்காலமாக வாழ்கின்றன.

கேப் டவுன் வீட்டுக் குழாயில் மட்டும் ஏன் அந்தப் பழுப்பு வருவதில்லை? சுத்திகரிப்பு நிலையத்தில் அலுமினிய உப்போ இரும்பு உப்போ கலந்து, கரைந்திருக்கும் நிறப்பொருளைத் திரளவைத்து, பிறகுதான் வடிகட்டுகிறார்கள். வெறும் வடிகட்டலால் நிறம் போகாது என்பதற்கு ஒரு நகரத்தின் குடிநீர் ஏற்பாடே சாட்சி.

இது டேனின்தானா?

எதையும் செய்யும் முன் பழுப்பு எதனால் வந்தது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையில் தொட்டித் தண்ணீரை எடுத்து, ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். பக்கத்திலேயே இன்னொரு கோப்பையில் குழாய்த் தண்ணீர். அடியில் எதுவும் படியாமல், தண்ணீர் தெளிவாக, ஆனால் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருந்தால் அது டேனின். அடியில் தூள் படிந்தால் மணலிலிருந்தோ சரளையிலிருந்தோ வந்த மண். படியாமல் பால் மாதிரி வெண்மங்கலாக இருந்தால் பாக்டீரியாப் பெருக்கம்; புதுத் தொட்டியிலும், நீண்ட மின்வெட்டில் ஃபில்டர் நின்றுபோன பிறகும் இதைப் பார்க்கலாம். பச்சையாக இருந்தால் பாசி.

இன்னொரு குறிப்பு. கோப்பையில் இலேசான மஞ்சளாகத் தெரிவது தொட்டியில் அடர்பழுப்பாகத் தெரியும். கோப்பையில் ஒளி கடந்து வரும் தண்ணீர் சில சென்டிமீட்டர்தான். தொட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பார்க்கும்போது 60 சென்டிமீட்டர் தண்ணீரைக் கடந்து பார்க்கிறீர்கள். டேனின் நீல ஒளியை விழுங்கி மஞ்சளையும் சிவப்பையும் விட்டுவிடுகிறது. தூரம் கூடக்கூட விழுங்கப்படுவதும் கூடுகிறது. ஆகவே தொட்டியை நீளவாக்கில் பார்த்துவிட்டு "இவ்வளவு கறுத்துப்போச்சே" என்று மிரள வேண்டாம். வாரம் ஒருமுறை அதே வெள்ளைக் கோப்பையில் பார்த்து ஒப்பிடுங்கள்.

நாற்றத்தையும் கவனியுங்கள். டேனின் தண்ணீருக்கு ஈர மண்ணின் மணமோ, மணமே இல்லாமலோ இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் கட்டைக்குள்ளோ மணலடியிலோ காற்றில்லாமல் அழுகல் நடக்கிறது. அது டேனின் பிரச்சினை அல்ல. கட்டையை வெளியே எடுத்து நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் உள்ளே இறங்கினால், தூள் உதிர்ந்தால், அந்தக் கட்டை இனித் தொட்டிக்கு ஆகாது.

*இதுவரை சொன்னது: தெளிவான பழுப்பு என்றால் கரைந்த டேனின். மங்கலோ, படிவோ, நாற்றமோ இருந்தால் காரணம் வேறு, மருந்தும் வேறு.*

தண்ணீர் மாற்றியும் ஏன் மறுபடி பழுப்பாகிறது

எல்லோரையும் சலிப்படைய வைக்கும் இடம் இது. பாதித் தண்ணீரை மாற்றினால் அன்றைக்குத் தெளிவாக இருக்கிறது, நாலு நாளில் பழையபடி ஆகிவிடுகிறது. அப்படியானால் மாற்றி என்ன பயன்?

ஒரு பொருள் அடர்த்தி அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத் தானாக நகரும். இதைப் பரவல் என்பார்கள். ஊறிய கட்டைக்குள் டேனின் அடர்த்தி அதிகம், வெளியே குறைவு. அதனால் வெளியேறுகிறது. வெளித் தண்ணீரில் டேனின் கூடக்கூட இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் குறைந்து, வெளியேறும் வேகமும் குறைகிறது. நீங்கள் பழைய தண்ணீரை எடுத்துப் புதியதை ஊற்றும்போது வித்தியாசம் மறுபடி பெரிதாகிறது, கசிவு மறுபடி வேகமெடுக்கிறது. நிறம் திரும்பி வருவதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம். கட்டைக்குள் இருந்த சரக்கில் ஒரு பங்கு வெளியே வந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

கட்டையின் மேற்பரப்பில் இருப்பது முதலில் வந்துவிடும். உள்ளே ஆழத்தில் இருப்பது ஊறி ஊறி மெல்லத்தான் வெளியேறும். ஆகவே முதல் சில வாரம் வேகமாகவும், பிறகு மாதக்கணக்கில் மெதுவாகவும் கசிவு இருக்கும். கனமான, அடர்ந்த கட்டை என்றால் ஒரு வருடத்துக்குப் பிறகும் இலேசான மஞ்சள் இருக்கலாம். தண்ணீர் சூடாக இருந்தால் பரவல் வேகமாகும். கொதிக்க வைப்பது பலன் தருவது இதனால்தான். அதே கட்டை டர்பன் கோடையில் 29 டிகிரித் தொட்டியில் கூடுதலாகச் சாயம் விடுவதும் இதனால்தான்.

இனி கணக்கு. கட்டை கசிவதை நிறுத்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் 30 சதவீதம் தண்ணீர் மாற்றினால் நிறம் முதல் முறையில் 70 சதவீதமாகவும், இரண்டாம் முறையில் 49, மூன்றாம் முறையில் 34, நான்காம் முறையில் 24 சதவீதமாகவும் குறையும். வாரம் ஒருமுறைக்குப் பதில் இருமுறை மாற்றினால் நான்கு வாரத்தில் 6 சதவீதம்தான் மிஞ்சும். ஒரே மூச்சில் 80 சதவீதம் மாற்றினாலும் 20 சதவீதத்துக்குத்தான் இறங்கும், மீனுக்குத் தரும் அதிர்ச்சியோ மிகப் பெரிது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி மாற்றுவதுதான் நல்லது.

பி.எச். விழுந்துவிடும் என்ற பயம்

டேனினைப் பற்றிப் பேசுகிறவர்கள் மிகவும் குழம்புவது இங்கேதான். பி.எச். என்பது தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் அளவு. 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது. டேனின் ஒரு மென்மையான அமிலம், ஆகவே அது பி.எச்.சை இறக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான்.

மீதிப் பாதி கே.எச்.சில் இருக்கிறது. கே.எச். என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட், பைகார்பனேட் உப்புகளின் அளவு. அமிலம் வந்து சேரும்போது முதலில் அடி வாங்குவது இந்த உப்புகள்தான். அவை தீரும்வரை பி.எச். பெரிதாக அசையாது. தீர்ந்தபின் மளமளவென்று சரியும். ஆகவே "இந்தக் கட்டை பி.எச்.சை எவ்வளவு குறைக்கும்?" என்ற கேள்விக்கு விடை கட்டையில் இல்லை, உங்கள் குழாய்த் தண்ணீரில் இருக்கிறது.

கே.எச். பார்க்கும் சொட்டு மருந்து கிட் மீன் கடைகளில் கிடைக்கும். பெரும்பாலானவற்றில் 5 மில்லிலிட்டர் தண்ணீரில் ஒவ்வொரு சொட்டாக விட்டு நிறம் மாறும்வரை எண்ண வேண்டும். ஒரு சொட்டு ஒரு டிகிரி. 4 அல்லது அதற்கு மேல் இருந்தால், சாதாரண அளவுக் கட்டையும் ஒழுங்கான தண்ணீர் மாற்றலும் இருக்கும் தொட்டியில் பி.எச். பற்றிக் கவலை வேண்டாம். 2க்குக் கீழே இருந்தால் வாரம் ஒருமுறை பி.எச். பார்ப்பது கட்டாயம்.

இங்கே ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. கேப் டவுன் மலைநீர் இயல்பிலேயே மிக மென்மையானது. பிரிட்டோரியாவின் சில பகுதிகளுக்கு டோலமைட் பாறை ஊற்றுநீரும் வருகிறது, அதில் கார்பனேட் அதிகம். வீட்டில் போர்வெல் இருப்பவர்கள் நிலத்தடிப் பாறையைப் பொறுத்து எந்த எண்ணையும் பார்க்கலாம். டர்பனில் பக்கத்து வீட்டுக்காரரின் அனுபவத்தை நம்பாமல் உங்கள் குழாயைச் சோதியுங்கள். சொட்டு எண்ண ஐந்து நிமிடம் போதும்.

பி.எச். 6க்குக் கீழே போனால் ஒரு மறைமுக ஆபத்தும் இருக்கிறது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் பாக்டீரியாக்கள் அந்த அமிலத்தில் மந்தமாகிவிடும். அம்மோனியா சேரும். ஆனால் அமிலத் தண்ணீரில் அது அம்மோனியம் என்ற அவ்வளவாக நஞ்சில்லாத வடிவில் இருப்பதால் மீன்கள் தாக்குப்பிடிக்கும், நமக்கும் எதுவும் தெரியாது. அந்த நேரத்தில் பழுப்பைப் போக்க வேண்டுமென்று 8 பி.எச். உள்ள குழாய்த் தண்ணீரைப் பாதித் தொட்டிக்கு ஊற்றினால், அம்மோனியம் கொடிய அம்மோனியாவாக மாறும். "தண்ணீர் மாற்றினேன், மீன் செத்துவிட்டது" என்ற புகாருக்குப் பல நேரம் இதுவே காரணம். பல மாதம் கவனிக்காத பழுப்புத் தொட்டி என்றால் முதலில் பி.எச்.சும் அம்மோனியாவும் பாருங்கள். பி.எச். 6க்குக் கீழே இருந்தால் தினம் 10 சதவீதத்துக்கு மேல் மாற்றாதீர்கள்.

கே.எச்.சை ஏற்றச் சமையலறை சமையல் சோடாவே போதும். 100 லிட்டருக்கு 3 கிராம், அதாவது அரை டீஸ்பூனுக்குச் சற்று மேல், ஒரு டிகிரி ஏற்றும். ஒரு கிளாஸ் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, நாள் முழுக்கப் பிரித்து ஊற்றுங்கள். ஒரு நாளில் ஒரு டிகிரிக்கு மேல் வேண்டாம். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைப் போடக்கூடாது.

*சுருக்கமாக: டேனின் அமிலம்தான், ஆனால் பி.எச். விழுமா என்பதைத் தீர்மானிப்பது கே.எச். கே.எச். தெரியாமல் பழுப்பைப் பற்றி முடிவெடுக்க முடியாது.*

எந்தக் கட்டை, எங்கிருந்து

உலகமெங்கும் மீன் கடைகளில் விற்கும் மொபானிக் கட்டை நம் பக்கத்து மரம். லிம்போபோவிலும் சிம்பாப்வே, மொசாம்பிக், போட்ஸ்வானா, நமீபியாவிலும் வளர்கிறது. ஒரு பக்கம் கறுஞ்சிவப்பு, மறுபக்கம் வெளிர்மஞ்சள் என்று இரண்டு நிறத்தில் இருக்கும். மிகக் கனம். வைத்தவுடனே மூழ்கும். அழுகாமல் பல வருடம் நிற்கும். ஆனால் சாயம் விடுவதில் முதலிடம் இதற்குத்தான். அடர்த்தி அதிகம் என்பதால் உள்ளே இருப்பது வெளியேற மாதங்கள் ஆகும். ஸ்பைடர்வுட் என்று விற்கும் மெல்லிய கிளைக் கட்டை குறைவாகச் சாயம் விடும், ஆனால் மூழ்க வாரக்கணக்காகும்.

கடற்கரையில் பொறுக்கிய கட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உம்கேனி ஆறு கடலில் சேரும் புளூ லகூன் பக்கம் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் கட்டைகள் குவியும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கரை முழுக்கக் கட்டையும் நாணலும்தான். இலவசமாகக் கிடைக்கிறதே என்று எடுத்துவருவதில் மூன்று சிக்கல்கள் உண்டு. முதலாவது உப்பு. அது எளிது. நல்ல தண்ணீரில் பல வாரம் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் போய்விடும். டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் கருவி) இருந்தால் புதுத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, குழாய்த் தண்ணீரின் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகும்வரை தொட்டிக்குள் வைக்க வேண்டாம். இரண்டாவது, வெள்ளத்தோடு வந்த கழிவுநீர். அதற்குக் கொதிக்க வைத்தே ஆக வேண்டும்.

மூன்றாவதுதான் பெரியது: அது என்ன மரம் என்றே தெரியாது. வேலிக்கம்பம், தளமேடைப் பலகை போன்றவை செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்தில் ஊறவைத்த பைன் மரமாக இருக்கலாம். வெட்டுமுகத்தில் இலேசான பச்சை தெரியும், ஆணித் துளையும் இருக்கலாம். செம்பு இறாலையும் நத்தையையும் முதலில் கொல்லும், பிறகு மீனை. வெயிலில் வெளுத்துப்போனால் பச்சையும் தெரியாது. ஆகவே அறுத்த விளிம்போ, வட்டமாகச் சீவிய உடலோ, ஆணியோ உள்ள எதையும் எடுக்காதீர்கள்.

தம்போட்டி மரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். குவாசுலு-நட்டாலிலும் லிம்போபோவிலும் புதர்க்காட்டில் சாதாரணமாகக் கிடைக்கும். மணமான, அழகான கருங்கட்டை. அதன் பால் நஞ்சு. அந்த விறகில் பிரை (தணலில் இறைச்சி சுடுவது) போட்டுச் சாப்பிட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும் என்று இந்த நாட்டில் காடு தெரிந்த யாரும் எச்சரிப்பார்கள். தொட்டிக்கு அது கூடவே கூடாது. பச்சையாக வெட்டிய எந்தக் கட்டையும், எண்ணெய் மணம் வீசும் புளூகம் (யூகலிப்டஸ்), கற்பூர மரம், பைன் ஆகியவையும் வேண்டாம். இயற்கைக் காப்பகங்களுக்குள்ளிருந்து எதையும் எடுத்துவருவது சட்டப்படி தவறு, அது காய்ந்த குச்சியாக இருந்தாலும்.

தொட்டிக்குப் போகும் முன்

டேனினை வெளியே எடுக்கத் தொட்டியை விடச் சமையலறைதான் நல்ல இடம். பானையில் அடங்கும் கட்டை என்றால் இப்படிச் செய்யுங்கள்.

கெட்டியான தூரிகையால் மண்ணும் பட்டையும் போகத் தேயுங்கள். சோப்பு வேண்டாம், ப்ளீச்சும் வேண்டாம், கட்டை இரண்டையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு வெளியே விடும். கட்டை மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரம் கொதிக்க விட்டு, கறுத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் மறுபடி கொதிக்க விடுங்கள். மூன்று நான்கு சுற்றில் தண்ணீரின் நிறம் கண்ணெதிரே வெளுத்துவரும். கொதிப்பதில் இன்னும் இரண்டு நன்மைகள் உண்டு. பூஞ்சை வித்துகளும் பூச்சி முட்டைகளும் சாகும். உள்ளிருக்கும் காற்று வெளியேறித் தண்ணீர் புகுவதால் மிதக்கும் கட்டை மூழ்கத் தொடங்கும். மென்மையான கட்டையை மட்டும் மணிக்கணக்கில் கொதிக்க விடாதீர்கள், நார் பிரிந்து சீக்கிரம் மட்கும்.

பானையைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. வார்ப்பிரும்புப் போய்க்கிப் பானை அளவில் வசதியாக இருக்கும், ஆனால் டேனினும் இரும்பும் சேர்ந்தால் மை போன்ற கருநிறம் உண்டாகும். கட்டையும் கறுக்கும், பானையின் பதமும் போகும். துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரமே சரி. கல்யாண வீட்டு பிரியாணி அண்டாவை இரவல் வாங்க நினைத்தால், திருப்பித் தரும்போது உள்ளே பழுப்பு வளையம் நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அண்டாவிலும் அடங்காத கட்டையைப் பிளாஸ்டிக் டிரம்மில் ஊறப்போடுங்கள். முதல் நாள் கொதிநீரை ஊற்றி ஆறவிடுங்கள். பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால் போதும். மொபானிக்கு நான்கு முதல் ஆறு வாரம் ஒதுக்குங்கள். அதற்குப் பிறகும் சாயம் விடும், ஆனால் வாரத் தண்ணீர் மாற்றலே சமாளிக்கும் அளவுக்குத்தான். டிரம்மை மூடி வைக்காவிட்டால் கொசு முட்டையிடும்.

தொட்டிக்குள் வைத்த முதல் வாரத்தில் கட்டைமேல் வெள்ளையாக வழவழப்பான ஒரு படலம் வரும். கட்டையிலிருக்கும் சர்க்கரையைத் தின்னும் பூஞ்சையும் பாக்டீரியாவும் அது. மீனுக்குத் தீங்கில்லை. இறாலும் நத்தையும் விரும்பித் தின்னும். பார்க்கப் பிடிக்காவிட்டால் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். சில வாரத்தில் தானே நின்றுவிடும்.

ஏற்கெனவே பழுப்பான தொட்டிக்கு

தண்ணீர் மாற்றுவதைப் பற்றிச் சொல்லியாயிற்று: வாரம் இருமுறை, முறைக்கு 25 முதல் 30 சதவீதம். குளோரின் நீக்கி கட்டாயம். குளோரமைனையும் நீக்குவது என்று சீட்டில் எழுதியிருப்பதை வாங்குங்கள். ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்தில் ராண்ட் வாட்டர் என்ற குடிநீர் நிறுவனம் வழங்கும் தண்ணீரில் குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) உண்டு. வாளியில் ஒரு நாள் வைத்தால் குளோரின் போவதுபோல அது போகாது. ஜோகன்னஸ்பர்க் குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் சில்லென்று வரும், வெந்நீர் கலந்து தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகே ஊற்றுங்கள்.

வேகமாகத் தெளிய வேண்டுமென்றால் ஆக்டிவேட்டட் கார்பன். நுண்ணிய துளைகள் நிறைந்த கரி அது. ஒரு கிராமின் உட்பரப்பு 500 சதுர மீட்டருக்கும் அதிகம். கரைந்திருக்கும் பொருள்கள் அந்தப் பரப்பில் போய் ஒட்டிக்கொள்கின்றன. இதற்குப் பரப்புக் கவர்ச்சி என்று பெயர். பஞ்சால் பிடிக்க முடியாததை இது பிடிப்பதற்குக் காரணம் இதுவே.

100 லிட்டர் தொட்டிக்கு 100 முதல் 150 கிராம் போதும். வலைப்பையில் போட்டு, கறுப்புத் தூள் போகும்வரை குழாயடியில் அலசி, ஃபில்டரில் பஞ்சுக்குப் பிறகு தண்ணீர் வரும் இடத்தில் வையுங்கள். பஞ்சுக்கு முன்னால் வைத்தால் குப்பை துளைகளை அடைத்துவிடும். தண்ணீர் பையைச் சுற்றி ஓடாமல் அதன் ஊடாக ஓட வேண்டும். பெரும்பாலும் "கார்பன் வேலை செய்யவில்லை" என்பவர்களின் ஃபில்டரில் பை ஒரு மூலையில் சும்மா கிடக்கும். இரண்டு மூன்று நாளில் மாற்றம் தெரியும். துளைகள் நிரம்பியதும் நின்றுவிடும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் புதியதை மாற்றுங்கள், சாயம் அதிகமென்றால் இன்னும் சீக்கிரம். வீட்டு அடுப்பில் சூடாக்கிப் பழைய கார்பனைப் புதுப்பிக்க முடியாது.

தேங்காய்ச் சிரட்டைக் கார்பன் நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். குடிநீருக்கு அது நல்லதுதான். ஆனால் அதன் துளைகள் மிகச் சிறியவை, டேனின் மூலக்கூறுகளோ பெரியவை. இந்த வேலைக்கு நிலக்கரியிலிருந்து செய்த கார்பன் மேல். பிரைக்கு எரிக்கும் கரியையும் பிரிக்கெட்டையும் (அச்சில் அழுத்திய கரிக்கட்டி) போட நினைக்காதீர்கள். அவை ஆக்டிவேட் செய்யப்படாதவை, பிரிக்கெட்டில் ஒட்டுப்பொருளும் கலந்திருக்கும்.

மொபானியோடு நீண்டகாலம் வாழப்போகிறவர்களுக்குப் பியூரிஜன் என்ற செயற்கைப் பிசின் மணிகள் கைகொடுக்கும். முதலில் விலை அதிகம், ஆனால் திரும்பத் திரும்பப் பயன்படும். வெளிர்நிற மணிகள் டேனினை வாங்கி வாங்கிக் கரும்பழுப்பாகும். அப்போது எடுத்து, வாசனை சேர்க்காத சாதாரண ஜிக் ப்ளீச்சும் தண்ணீரும் சம அளவு கலந்து, 24 மணி நேரம் காற்றோட்டமான இடத்தில் ஊறவைத்தால் வெளுத்துவிடும். பிறகு நன்றாக அலசி, அளவுக்கு மேலேயே குளோரின் நீக்கி கலந்த தண்ணீரில் எட்டு மணி நேரம் வைத்து, ப்ளீச் வாடை துளியும் இல்லை என்று உறுதியான பிறகே ஃபில்டருக்குத் திரும்ப வேண்டும். இந்தக் கடைசிப் படியில் அவசரம் கூடாது. மிஞ்சிய ப்ளீச் ஒரே இரவில் தொட்டியைக் காலி செய்யும்.

மீனுக்கு நோய் மருந்து போடும் நாள்களில் கார்பனையும் பிசினையும் எடுத்துவிடுங்கள், மருந்தையும் அவை வாங்கிக்கொள்ளும்.

பயன் தராதவை: கூடுதல் பஞ்சு, யு.வி. விளக்கு, தெளிவாக்கும் திரவம். பஞ்சு தூளைப் பிடிக்கும், யு.வி. பச்சைப் பாசியைக் கொல்லும், திரவம் மிதக்கும் தூளைத் திரட்டும். மூன்றும் நல்ல பொருள்கள்தான், வேறு நோய்க்கு.

அப்படியே விடலாமா

பல தொட்டிகளில் விடலாம் என்பதே எங்கள் கருத்து. நியான் டெட்ரா, கார்டினல் டெட்ரா, ரஸ்போரா, பீட்டா, ஏஞ்சல், டிஸ்கஸ் ஆகியவற்றின் மூதாதையர் பழுப்புத் தண்ணீரில் அல்லது அதை ஒத்த மென்மையான தண்ணீரில் வாழ்ந்தவை. இலேசான பழுப்பில் அவை பதுங்காமல் வெளியே வரும், நிறமும் எடுக்கும். டேனினுக்குப் பூஞ்சையையும் பாக்டீரியாவையும் ஓரளவு அடக்கும் குணம் உண்டு. செம்பு போன்ற உலோகங்களையும் பிடித்துவைக்கும். அதற்காக அதை மருந்தென்று நம்பி, நோய் வந்த மீனுக்குச் சிகிச்சை தராமல் விடக்கூடாது.

மலாவி ஏரி சிக்லிட் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. 7.7 முதல் 8.6 வரை பி.எச். உள்ள கடினமான நீர் அவற்றுக்கு வேண்டும். அந்தத் தொட்டியில் கட்டைக்குப் பதில் கல்லை அடுக்குங்கள். மோலி, கப்பி போன்றவையும் கடினமான தண்ணீர் கேட்பவை. கே.எச். நன்றாக இருந்தால் சிறு கட்டை ஒன்றும் செய்யாது.

செடிகளுக்கு நீல ஒளி குறையும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் போன்ற குறைந்த ஒளிச் செடிகள் தாங்கும். தரையில் படரும் செடிகளும் சிவப்புத் தண்டுச் செடிகளும் வேண்டுமென்றால் கார்பனை நிரந்தரமாக வைக்க வேண்டியிருக்கும்.

நிறம் பிடித்துப்போய், அது வெளுத்துவிடக்கூடாது என்று நினைப்பவர்களுக்கு ரூய்போஸ் என்ற தென்னாப்பிரிக்க மூலிகைத் தேநீர் வசதியான வழி. சாதாரணத் தேயிலையில் காஃபின் உண்டு, இதில் இல்லை. சுவையோ மணமோ சேர்க்காத வெறும் ரூய்போஸ் பை ஒன்றைக் கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, முழுக்க ஆறவிட்டு, 40 லிட்டருக்கு ஒரு பைச் சாறு என்று தொடங்குங்கள். பையை நேராகத் தொட்டியில் போட்டால் அளவு கைமீறும், பை கிழிந்தால் தூள் ஃபில்டரில் ஏறும். தண்ணீர் மாற்றும்போது புதுத் தண்ணீருக்கு மட்டும் அதே விகிதத்தில் கலந்தால் நிறம் ஒரே சீராக நிற்கும்.

பழுப்புத் தண்ணீரில் டெஸ்ட் கிட்

சொட்டு மருந்து கிட்டில் தண்ணீரின் நிறத்தை அட்டையோடு ஒப்பிடுகிறோம். தண்ணீரே பழுப்பு என்றால் வாசிப்பு தவறும். மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போகும் நைட்ரேட் சோதனையில் இல்லாத நைட்ரேட் இருப்பதாகத் தெரியும். நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையே மாறும் பி.எச். சோதனையில் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.

மருந்து விடாத தொட்டித் தண்ணீரை இன்னொரு சோதனைக் குழாயில் எடுத்து, அட்டையின் நிறக்கட்டத்துக்கு மேலே பிடித்து, அதன் வழியாக அட்டையைப் பாருங்கள். இப்போது இரண்டு பக்கமும் ஒரே பழுப்பு கலந்திருக்கும், ஒப்பிட முடியும். அடர்பழுப்பு என்றால் பி.எச்.சுக்கு மட்டுமாவது மின்னணு மீட்டர் வாங்குவது மேல். அதை மாதம் ஒருமுறை 7 மற்றும் 4 பி.எச். கரைசல்களில் சரிபார்க்க வேண்டும். முனையை உலரவிட்டால் அது காட்டும் எண்ணை நம்ப முடியாது. கே.எச். கிட்டுக்கு இந்தத் தொல்லை குறைவு. நீலம் மாறி மஞ்சளாகும் கடைசிச் சொட்டு பழுப்புத் தண்ணீரிலும் தெரியும், தொடக்க நீலம் மட்டும் பச்சையாகத் தோன்றும். அதைப் பார்த்து எண்ணிக்கையை முன்னதாகவே நிறுத்திவிடாமல், அடுத்த சொட்டுக்கும் நிறம் மாறாத வரை விட்டுப் பாருங்கள்.